கொட்டகையில் ஒரு வெற்றுக் கழி

அண்ணா,

இன்று மத்தியானம் வலைக்கொட்டகைக்குள் நுழைந்தபோது, கழியில் காய்ந்துகொண்டிருந்த போர்வை ஒன்று முகத்தில் பட்டது. உப்பும் டீசலும் கலந்த அதே வாடை. உன்னுடையது என்று நின்றுவிட்டேன். உன் போர்வை வீட்டுப் பெட்டியில் இருப்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நம் குப்பத்தில் மீசை அரும்பிய பிள்ளைகள் வீட்டில் படுப்பதில்லை. விடியும் முன் படகு தள்ள வேண்டும் என்று மாமா, சித்தப்பாக்களோடு கொட்டகையில்தான் படுப்பார்கள்; எழுந்ததும் போர்வையை ஆளுக்கொரு கழியில் போடுவார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை.

தவளக்குப்பத்தில் யாருடைய பைக்கையோ எடுத்து ஓட்டி நீ மாட்டிக்கொண்ட வாரம் அது. உன்னை வீட்டுக்கு அனுப்பலாமா, கூர்நோக்கு இல்லத்திலேயே வைப்பதா என்று அறிக்கை எழுத அதிகாரி ஒருவர் வந்தார். அம்மா மீன் விற்கப் போயிருந்தாள். வகுப்பில் முதல் ஆளாகக் கை தூக்குகிற ஆசையோடு நானே பதில் சொன்னேன்.

“ராத்திரியில பையன் வீட்ல இருப்பானா?”

“அண்ணன் எங்க சார் வூட்ல இருக்குது! துன்னதும் கெளம்பிப் பூடும்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். பெற்றோர் கட்டுப்பாட்டில் இல்லாதவன் என்றாகி, நான்கு மாதம் உன்னை உள்ளேயே வைத்தார்கள்.

திரும்பி வந்த அன்று, நீ எனக்கு வைத்த பட்டப்பெயரில், “இன்னா புக்கு, பதிலெல்லாம் டக்கு டக்குனு சொன்னியாமே” என்றாய். அதற்குப் பிறகு அதைப் பேசவே இல்லை. நீ கொட்டகைக்கும் போகவில்லை. கதவோரம் சுருண்டு படுத்தாய். “தண்ணி குடிக்கட்டா?” என்று அனுமதி கேட்பாய். “இன்னாடா, இது உன் வூடுதான!” என்று அம்மா அழுவாள்.

உள்ளே இருந்துவிட்டு வந்தவன் என்று இங்கே யாரும் உன்னைப் படகில் ஏற்றவில்லை. மங்களூர்ப் படகுக்குப் போனாய். படகு கவிழ்ந்தது. கரையில் விட்டுப்போன போர்வை மட்டும் வந்தது.

இன்று, உன்னைப் போலவே எதிலோ மாட்டிக்கொண்ட பக்கத்து வீட்டுப் பையனுக்காக வேறொரு அதிகாரி வந்தார். அவர்கள் வீட்டில் யாரும் இல்லாததால், அதே கேள்வியை என்னிடம் கேட்டார்.

“சார், இப்ப எழுதாதீங்க. என்கூட வாங்க.”

கொட்டகைக்கு அழைத்துப் போனேன். “இது அவன் போர்வ சார். பக்கத்துல அவங்க மாமாவுது. தோ பாருங்க, இங்கேர்ந்தே அவங்க வூட்டு வாசல் தெரியுது.” ஒவ்வொரு போர்வையாகத் தொட்டு, யாருடையது என்று சொன்னேன். அவர் எழுதியிருந்த ஒரு வரியை அடித்தார்.

கடைசிக் கழி வெறுமையாக இருந்தது.

“இது யாரோட இடம்மா?”

எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறவள் நான். அதற்குச் சொல்ல முடியவில்லை, அண்ணா.