தலைவர் முகமும் திறக்கும் நேரமும்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

எங்கள் சின்ன நூலகத்தின் இணையதளத்தைச் சீராக்கக் கிடைத்த சொற்பப் பணத்தில், குழுத் தலைவர் தன் முகத்தைக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி முதல் பக்கத்தில் ஓடவிட்டிருந்தார். திறக்கும் நேரம் எங்கேயும் இல்லை. மழையில் வந்தவர்கள் பூட்டைப் பார்த்துத் திரும்பினார்கள். நான் முகத்தைத் தூக்கிவிட்டு நேரத்தைப் போட்டேன். நூலகத்துக்குத் தொலைபேசி வாங்கக் காசில்லையாம். என் கைபேசி எண்ணையே தளத்தில் கொடுத்துவிட்டேன்.

“என் படம் எங்கய்யா?”

“உங்களை எப்பத் திறப்பாங்கன்னு யாரும் கேக்கல சார்.”

என் வேலை நீடிக்குமா என்பது வெள்ளிக்கிழமை குழுக் கூட்டத்தில் தெரியும். கவலைப்படாதீர்கள், தலைவரின் அந்த மண்டைக்கனத்தைச் சமாளிக்க வேறு ஆள் கிடைக்காது.

“திறந்திருக்கா?” என்று தினமும் யாராவது கூப்பிடுகிறார்கள். ஞாயிறு விடுமுறை, ஒருவரும் கூப்பிடுவதில்லை. அன்றைக்கு நீங்கள் கூப்பிடுங்கள்.

போன் அடிக்கிறது, முடிக்கிறேன்.

உங்கள் மகன்