கன்வெர்ட்டரில் தெரிந்த கை

1996 பிப்ரவரி, ஞாயிறு இரவு

தூக்கம் வரவில்லை. சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரையில் ஜூம் லென்சோடு புது டெலிகன்வெர்ட்டரை மாட்டி ஆலாப் பறவைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அலைகளுக்கு அப்பால் ஒரு கட்டை மிதந்தது. கன்வெர்ட்டர் அதை இரு மடங்கு கிட்டே காட்டியபோது, கட்டையைப் பிடித்தபடி ஒரு கை அசைந்தது.

வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் சேவியரிடம் ஓடினேன். “அது சும்மா கட்டைம்மா” என்றார். கேமராவை அவர் கண்ணில் வைத்தேன்.

“ஐயோ, ஆளு கீறான்!”

அவரும் அவர் தம்பியும் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கன்வெர்ட்டர் வெளிச்சத்தைத் தின்றுவிடும், இருட்டவும் தொடங்கியிருந்தது. கரையில் கிடந்த ஒரு படகின் விளிம்பில் லென்சை ஊன்றி, மூச்சை அடக்கி, சேவியர் அந்த ஆளைத் தண்ணீரிலிருந்து தூக்கிய நொடியை எடுத்தேன்.

கரைக்கு வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். உப்புத் தண்ணீரைக் கக்கிவிட்டு, “எனக்கு நல்லா நீச்சல் தெரியும் மேடம். இப்படி மாட்டிக்கிட்டது வீட்ல மட்டும் தெரியக் கூடாது” என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

படம் நன்றாக வந்திருக்கும், அதில் சந்தேகமில்லை. பத்திரிகைக்குக் கொடுத்தால் முதல் பக்கத்திலேயே போடுவார்கள். ஆனால் அந்த மனிதரின் முகம் தெளிவாகத் தெரியும். கொடுக்கப் போவதில்லை. பெரிதாக ஒரு பிரதி போட்டுச் சேவியருக்குத் தருவேன். அவர் வீட்டுச் சுவரில் அது தொங்கட்டும்.