எலிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையாம்

அன்பு துர்காவுக்கு,

இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் அதே பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்குச் சேராதே, எலிக்கூண்டு கழுவ வைப்பார் என்றேன். கேட்டாயா? மருந்துக் கம்பெனி வேலைக்குத் தயார் செய்கிற பயிற்சியில் உனக்கு இடம் கிடைத்திருக்கிறது, அதற்கு லீவு தர மாட்டாராமா? எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது.

நேற்று முடிச்சூரிலிருந்து பஸ் பிடித்து நேராக அவர் அறைக்கே போய்விட்டேன். வாசலில் தடுத்த வாட்ச்மேனிடம், "நானும் சயின்டிஸ்ட்தான்" என்றேன். சல்யூட் அடித்தான்.

"துர்கா போய்ட்டா எலிங்கள யாரு சார் பாத்துப்பா?" என்றார் பேராசிரியர்.

"நீங்க பாத்துக்கங்க சார். நீங்களும் படிச்சவர்தானே?"

மனுஷன் முகம் சுருங்கிவிட்டது. விடுவேனா? "அவளுக்கு ஜெர்மனியில வேலை ரெடியா கீது. இப்ப லீவு தரலன்னா ஒரேயடியா போய்டுவா" என்றேன். உடனே பேனாவைத் தேடிக் கையெழுத்துப் போட்டார்! மிரட்டினால்தான் ஒரு பெண்ணைப் பயிற்சிக்கு அனுப்புவார்களா? என்ன அநியாயம் இது!

திங்கட்கிழமை பயிற்சிக்குத் தைரியமாகப் போ. அதற்கு முன் அவர் உன்னைக் கூப்பிட்டு, ஜெர்மனியில் எந்த ஊர் என்று கேட்பார். முழிக்காதே. அந்த வேலை நான் அங்கேயே நின்று அவிழ்த்துவிட்ட கதை. அந்த நாட்டில் ஓர் ஊர் பேரும் எனக்குத் தெரியாது, அதை மட்டும் நீயே பார்த்துச் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் மாமா