பொழுது சாயுமுன் சோறு

ஜெமாவின் அம்மாவுக்கு,

உருவமில்லாத நம் சாமி அலேக்கின் அருளால் நலம். நீயும் ஜெமாவும் நலந்தானே?

இங்கே பாராதீப் துறைமுகத்தில் எனக்கு மதிய ஷிஃப்ட். சாப்பாடு இருட்டிய பிறகுதான் வரும். பொழுது சாய்ந்தால் நம் மகிமா நெறிக்காரர் சாப்பிடலாமா? பட்டினிதான். ஒருநாள் அந்தியில் சூரியனைப் பார்த்து விழுந்து கும்பிட்டவன் பசி மயக்கத்தில் எழுந்திருக்கவில்லை. பயப்படாதே, தொப்பை அப்படியேதான் இருக்கிறது.

சமையல்காரி சைரேந்திரி தண்ணீரோடு ஓடிவந்தாள். "சாமிக்குத்தான் உருவமில்ல, உனக்குமா இல்லாம போகணும் அண்ணா?" என்று திட்டினாள். அன்றிலிருந்து வெளிச்சம் இருக்கும்போதே எனக்கு மட்டும் தனியாகச் சோறு வடிக்கிறாள். நெறியும் பிழைத்தது, வேலையும் பிழைத்தது. அவளுக்குக் கொஞ்சம் உளுந்து வடகம் அனுப்பு.

வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது. அந்தியில் நீ கும்பிட்டால் கொஞ்சம் மெதுவாக எழுந்திரு. இங்கே இந்தத் தொப்பையோடு நான் எழுந்திருக்க நேரமாகிறது, சேர்ந்தே எழுவோம்.

குலமணி