வெள்ளையில் மறைத்த வார்த்தை

பிரிக்பீல்ட்ஸ்,
14.6.1999

அன்புள்ள அம்மாவுக்கு லியனார்ட் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறேன். அப்பாவின் இருமல் குறைந்ததா?

இங்கே சின்ன விஷயம்தான். ஒரு தைலக் கடைக்கு இணையப் பக்கம் செய்தேன். இணையத்தில் தேடினால் அந்தக் கடை முதலில் வரவேண்டும் என்று, என் ஆபீஸ் முதலாளி சொன்னபடி, வெள்ளைத் திரையில் வெள்ளை எழுத்தாகப் ‘புற்றுநோய் மருந்து’ என்று நூறு முறை மறைத்து எழுதினேன். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது, தேடும் கம்ப்யூட்டர் மட்டும் அதைப் படித்துக்கொள்ளும்.

நேற்று நான் கடையில் இருந்தபோது, கிள்ளானிலிருந்து ஓர் ஆன்டி பஸ் ஏறி வந்தார். “கம்ப்யூட்டர்ல உங்க கடைதான் மொதல்ல வந்துச்சு தம்பி. வீட்டுக்காரருக்கு மருந்து குடுங்க” என்றார். கடைக்காரர் இரண்டு பாட்டில் தைலம் விற்றார். நான்தான் பையில் போட்டுக் கொடுத்தேன்.

அப்பாவின் பழைய ஸ்வெட்டரை அனுப்புங்கள், ஆபீஸ் ஏர்கோன் குளிர்கிறது. அவருடைய நெஞ்சு எக்ஸ்ரேயில் என்ன வந்தது என்று மறைக்காமல் எழுதுங்கள். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

அப்பாவுக்காக இன்று நானும் அதே வார்த்தையைத் தேடினேன் அம்மா. முதலில் வந்தது நான் செய்த பக்கம்.

லியனார்ட்