பெட்ரோல் மூடிக்கு இரண்டு சாவி

திண்டிவனம்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்பு மகள் சகாய பிரியாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அயர்லாந்துக் குளிரில் நீயும் மருமகனும் பேத்தி வெனிலாவும் எப்படி இருக்கிறீர்கள், அவளுக்கு இருமல் விட்டதா? தினமும்தான் போனில் பேசுகிறோமே, இந்தம்மாவுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். கவரைப் பிரிக்கும்போது சின்னதாக ஒன்று கீழே விழுந்திருக்கும், அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு மேலே படி.

முதலில் ஒரு பாவசங்கீர்த்தனம். காரின் பெட்ரோல் மூடியைத் தொலைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை முழங்காலைக் காட்ட முண்டியம்பாக்கம் போகும் வழியில், கூட்டேரிப்பட்டு தாண்டி ஒரு பங்கில் பெட்ரோல் போட்டேன். ஆஸ்பத்திரியில் வண்டியை நிறுத்தியதும் வாட்ச்மேன், பெட்ரோல் வாடை அடிக்குது பாருங்கம்மா என்றார், இறங்கிப் பார்த்தால் மூடி இல்லை. அப்பா நைலான் கயிற்றில் கட்டி வைத்திருந்தாரே, அது எப்போதோ இற்றுப்போயிருக்கிறது. ஒரு பாலித்தீன் பையைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு, பெட்ரோல் வாய்க்கு மேலிருக்கும் வெளிக்கதவைச் சாத்திவிட்டு, திரும்பும்போது பங்கில் கேட்டேன். பெட்ரோல் போட்ட பெண், காரு மேல வெச்சேங்க்கா, நீங்கதான் ஜல்தியா கிளம்பிட்டீங்க என்றாள். எரிந்து விழலாம் என்று வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். நானும்தானே இறங்கிப் பார்க்கவில்லை. இதைப் போனில் சொல்லியிருந்தால், பாத்தியா உனக்கு மறதி வந்துடுச்சு என்று ஆரம்பித்திருப்பாய். போன ஞாயிறு நீ சொன்னதே இன்னும் காதில் கிடக்கிறது. காரை வித்துடும்மா, கிறிஸ்மஸுக்கு வந்தா நாங்க டாக்ஸி புடிச்சுக்கிறோம் என்றாய். விற்கச் சொன்னதுகூட எனக்கு உறைக்கவில்லை பிரியா. அப்பா அடக்கத்துக்கு வந்துபோய் மூன்று வருடம் ஆகிறது, ஒவ்வொரு வருடமும் வரும்போது வரும்போது என்றுதான் சொல்வாய், வராவிட்டாலும் அப்படித்தான் சொல்வாய். இந்தத் தடவை வந்தா என்றாய். அந்த வந்தாதான் எனக்கு உறைத்தது.

சரி, மூடி கதைக்கு வருகிறேன். வியாழக்கிழமை இங்கே ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன், கண்ணையன் என்று ஒருவர் கடை. மாடல் எந்த வருஷம்னு தெரியணும்மா, அய்யாவை வரச் சொல்லுங்க என்றார். எனக்கு வந்ததே கோபம். அய்யா மூணு வருஷமா கல்லறைத் தோட்டத்துல இருக்காரு, போய்க் கேட்டுக்கினு வரட்டா என்றேன். பாவம், அந்த மனுஷன் முகம் சுருங்கிப்போய், கடைப் பையனிடம் எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார், எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக் காட்டியதும், சாவி போட்ட மூடியே வாங்கிக்கோங்கம்மா, சேஃப்டி என்று ஒன்றை எடுத்து வைத்தார். அதற்கு இரண்டு சாவி. ஒண்ணு உங்களுக்கு, இன்னொண்ணு வீட்ல இருக்கிறவங்களுக்கு என்றார். காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

மாட்டுவது பெரிய வேலை இல்லை, அந்த வெளிக்கதவைத் திறப்பதுதான் பேஜாரு. ஸ்பிரிங் செத்துப்போய், உள்ளே லீவரை ஒருவர் இழுத்துப் பிடித்தால்தான் வெளியே இன்னொருவர் நகத்தால் நெம்பித் தூக்க முடியும். அப்பா உள்ளே உட்கார்ந்து, தூக்கு அமலு என்பார், நான் தூக்குவேன். வெள்ளிக்கிழமை நான் உள்ளே உட்கார்ந்து லீவரை இழுத்தேன், வாய் தானாகவே, தூக்குங்க என்று கத்திவிட்டது. பக்கத்து வீட்டு மலர்விழி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, யாரைக் கூப்புடுறீங்கக்கா, நான் வரட்டா என்றாள். பூனையைத் துரத்துறேன், நீ போ என்று சொல்லிவிட்டேன். அவளைக் கூப்பிட்டிருக்கலாம், என் வீம்புதான் உனக்குத் தெரியுமே. ஐம்பத்தொன்பது வயதில் லைசென்ஸ் எடுத்தவளுக்கு ஒரு மூடி மாட்ட ஆள் வேண்டுமா என்று இருந்தது. கடைசியில் பூரிக்கட்டையை லீவருக்கு அடியில் முட்டுக் கொடுத்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்து திறந்தேன். உள் வாயைச் சுத்தமான துணியால் துடைத்து, டிக் டிக் என்று சத்தம் வரும்வரை மூடியைத் திருகி, சாவியைத் திருப்பி எடுத்தேன். அம்சமாக உட்கார்ந்துவிட்டது. உடனே யாருக்காவது காட்ட வேண்டும் போல இருந்தது. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தேன், இன்னொரு தடவை திறந்து இன்னொரு தடவை மூடினேன், அப்புறம் உள்ளே போய் ஒரு ஆளுக்கு உலை வைத்தேன்.

ஒரு சாவியை என் கொத்தில் கோத்துவிட்டேன். இன்னொன்றை அப்பா சாவி மாட்டுகிற ஆணியில் மாட்டப் போனேன், கை வரவில்லை. மலர்விழி தன்னிடம் கொடுத்து வைக்கச் சொன்னாள், மனசு வரவில்லை. கவரிலிருந்து விழுந்தது அதுதான். அந்த ஊரில் அது எதையும் திறக்காது, உன் வீட்டுச் சாவியோடு சேர்த்துப் போட்டு வை.

ஒலக்கூர் மல்லாட்டையைத் தோல் உரித்து, பருப்பை வறுத்து வைத்திருக்கிறேன், கேப்பை மாவும் அரைத்தாகிவிட்டது. நைட் டூட்டி முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே. வெனிலாவுக்கு இரண்டு வார்த்தை தமிழ் பேசு, போனில் நான் கேட்பது அவளுக்குப் புரியமாட்டேன் என்கிறது. அவள் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு. சகாய மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

ஒன்றை மட்டும் நினைவில் வை. எனக்கு மறதி என்று நீயே சொல்கிறாய். என் சாவி தொலைந்துபோனால் இந்த வண்டிக்கு ஒரு சொட்டு பெட்ரோல் போட முடியாது. அதனால் வரும்போது மறக்காமல் அதை எடுத்துக்கொண்டு வா. வரும்போது என்றுதான் எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

உன் அம்மா,
சி. அமல்ராணி