மைனி வெட்டிய பூ

மைனி,

இன்று காலை அடுப்பில் மரவள்ளி மாவைக் காய்ச்சினேன், ஜன்னலுக்குக் காகிதம் ஒட்ட. அந்தப் பசை வாசனை மூக்கில் ஏறியதும் கிண்டுவதை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உங்கள் விரல்களில் எப்போதும் இருந்த வாசனை அது.

என் மகளுக்கு மாப்பிள்ளை பேசுகிறார்கள். நாளை பையன் வருகிறான். "மாடி ஜன்னலை மறைச்சிடு, தெருவுல போறவங்க கண்ணு படக்கூடாது" என்று இவர் சொன்னார். நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாததா!

என் காலத்தில் அத்தா அந்த வேலையை உங்களிடம்தான் கொடுத்தார். அண்ணனைக் கட்டிக்கொண்டு கடையநல்லூரிலிருந்து பினாங்குக்குக் கப்பல் ஏறி வந்தவர் நீங்கள். கையில் கத்திரி கிடைத்தால் போதும், பாசார் கடையில் சாமான் சுற்றிவந்த காகிதம்கூட மல்லிகைக் கொடியாகிவிடும். கந்தூரி என்றாலும் கல்யாணம் என்றாலும் சந்து முழுக்க உங்கள் தோரணம்தான். "உசுருள்ள உருவம் மட்டும் வேணாம்மா" என்பார் அத்தா. நீங்களும் பூவோடு நிறுத்திக்கொண்டீர்கள்.

எனக்கோ ஓயாத அழுகை. பக்கத்து வீட்டு மைமூன் முகம் பார்க்காமலே தலையாட்டினாள். வந்தவருக்கு அவள் அத்தா வயசு. "எனக்கும் கிழவனா வந்தா என்ன செய்வேன் மைனி?" என்று உங்கள் மடியில் விழுந்து அழுதேன்.

நீங்கள் பச்சைக் காகிதத்தை இரண்டாக மடித்தீர்கள். கத்திரி நின்ற இடத்திலேயே நிற்க, காகிதம் மட்டும் உங்கள் கையில் சுழன்றது. பிரித்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கொடி, பக்கத்துக்கு ஒரு பெரிய பூ. ஜன்னலை மூடிய வெள்ளைக் காகிதத்தின் மேல் அதை ஒட்டி, ஒவ்வொரு பூவின் நடுவிலும் இரண்டு காகிதத்தையும் சேர்த்து ஒரு துளை போட்டீர்கள்.

"ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு. சத்தம் கித்தம் போட்டே, உங்க அண்ணன் என்னை அடுத்த கப்பல்லயே ஊருக்கு ஏத்திடுவாரு, பாத்துக்க புள்ளே."

மாப்பிள்ளை வரவேண்டிய அன்று சாயங்காலம் நல்ல மழை. ஆளுக்கொரு பூவில் கண்ணை வைத்து நின்றோம். எதிர்க்கடை முன்னே, கூரையுள்ள அஞ்சடி நடைபாதையில் ஒருவர் ஒதுங்கினார். இளவயசு. நனைந்த கைலியைப் பிழிந்தார், தொப்பியைச் சரிசெய்தார். அப்புறம் பக்கத்திலிருந்த தூணுக்கு ஸலாம் சொன்னார்! ஒருதரம் பவ்வியமாக, ஒருதரம் மிடுக்காக, மறுபடியும் பவ்வியமாக. களுக்கென்று சிரித்துவிட்டேன். நீங்கள் பாய்ந்து என் வாயைப் பொத்தினீர்கள், உங்கள் தோளும் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஜன்னலில் காகிதம் ஒட்டாத மேல்கதவு தலைக்கு மேலே திறந்து கிடந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. அவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு அவர் தெருவைத் தாண்டி வந்து நம் வீட்டுக் கதவைத் தட்டினார்.

என்னிடம் சம்மதம் கேட்டார்கள். கேட்டு முடிக்குமுன்னே "சம்மதம்" என்றேன். பொம்பளைகளெல்லாம் வாயில் கைவைத்தார்கள். நீங்கள் என் தொடையைக் கிள்ளினீர்கள்.

போன நோன்பில் நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போனபிறகு உங்கள் கத்திரியை அண்ணன் என்னிடம் கொடுத்தார். இன்று அதை எடுத்து உங்களைப் போலவே மடித்து வெட்டினேன். ஒட்டி முடித்துத் துளை போடும்போது இவர் வந்து நின்றார். கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். குனிந்து துளையில் கண்ணை வைத்தார். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை.

"அன்னைக்கு உங்க வீட்டு மாடியில ஒரு பூ சிரிச்சுச்சு. அது நீதானா?"

இத்தனை வருஷம் அந்த மனுஷர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை, மைனி!

"நான்தான்" என்றேன். காதெல்லாம் சிவந்துபோயிற்று அவருக்கு. படியிறங்கும்போது திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "துளை சின்னதா இருக்கு. புள்ளைக்கு நல்லாத் தெரியட்டும்."

பெரிதாக்கிவிட்டேன். ஒரு பூ அவளுக்கு. இன்னொன்றில் நாளை உங்கள் இடத்தில் நான் நிற்கப்போகிறேன். நினைத்தாலே அழுகை வருகிறது, நீங்கள் இல்லையே என்று.

அவள் சிரித்தால் வாயைப் பொத்தமாட்டேன், மைனி.